குற்றம் சொல்ல நான்கு பேர் வேண்டும்: கதை எழுதத் தொடங்கியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

“இந்த மோட்டார் கிணத்துல இருக்குதுங்களா, போர்லிங்களா?”

என் கதையைப் படித்துவிட்டு ஒரு தோழி கேட்ட முதல் கேள்வி இது. கடனை அடைக்க வழியில்லாத ஒரு பெரியவர் தன் தோட்டத்து மோட்டாரை விற்கிறார், அவ்வளவுதான் கதை. தோழியிடம் போவதற்கு முன்பே அதை இருபது பேருக்காவது அனுப்பியிருப்பேன். ‘அருமை’, ‘கண் கலங்கிவிட்டது’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்றுதான் பதில்கள் வந்தன. இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. எங்கே பிழை என்று தெரியாமல் ஒரு வருடம் கழிந்தது.

தோழி கோபிச்செட்டிபாளையம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். “போர்ல இறக்குன மோட்டார்னா குழாயெல்லாம் ஒண்ணொண்ணா மேல இழுக்கோணும். முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, நாலு ஆளாவது வேணுமுங்க. நீங்க பத்தே நிமிசத்துல கழட்டி டெம்போல ஏத்திட்டீங்க. அந்த எடத்துல எனக்குக் கதை விட்டுப்போச்சுங்க” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அப்புறம், அவரு நெனச்ச நேரத்துக்கெல்லாம் மோட்டார் போடறாரு. தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட்டு எந்நேரமும் வராதுங்க. வர்ற நேரத்துக்கு நாமதான் எந்திரிச்சுப் போகோணும்” என்றார்.

இருபது பாராட்டுகளும் தராததை இந்த இரண்டு குறிப்புகள் தந்தன. பாராட்டியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் என்மீது வைத்த அன்பைச் சொன்னார்கள். தோழி கதையைப் பற்றிப் பேசினார்.

அதே மாதத்தில் தோழியின் கதை ஒன்றை நான் படித்தேன். முதல் பக்கத்தில் ஏன் எனக்குச் சலிப்பு வந்தது என்று அவருக்கு விளக்க உட்கார்ந்தபோது, ‘பாத்திரம் என்ன உணர்கிறது என்று ஆசிரியரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்’ என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் என் கதையில் அதே குற்றம் ஏழு இடத்தில் இருப்பது கண்ணில் பட்டது. அதுவரை என் கதையை முப்பது முறை படித்திருந்தும் அது தெரிந்ததில்லை.

நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கணம் அது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறது அதன் முன்னுரையான பொதுப்பாயிரம். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் கிடைக்கும். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வரும். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் விமர்சனம் வாங்குவதைவிட விமர்சனம் சொல்வதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: ஐந்து பேரைச் சேர்ப்பது

உங்களையும் சேர்த்து ஐந்து பேர் போதும். மூன்று பேர் என்றால், ஒருவர் வராத நாளில் கூடுகையே இல்லை. ஏழெட்டு ஆகிவிட்டால் உங்கள் முறை வருவதற்குள் கதை ஆறிப்போகும். ஐந்து பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொரு முறையும் இரண்டு கதைகளை எடுத்துக்கொண்டால் ஒவ்வொருவர் கதையும் ஏறக்குறைய 5 வாரத்துக்கு ஒருமுறை பேசப்படும். ஒரு கதையைத் திருத்தி முடித்து அடுத்ததைத் தொடங்க அந்த இடைவெளி சரியாக இருக்கிறது.

எல்லோரும் எழுதுகிறவர்களாக இருக்க வேண்டும். எழுதாமல் குற்றம் மட்டும் சொல்ல வருகிறவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. அவர் சொல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டும். எழுத்துத் திறமை ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தால் நல்லது. வளர்ந்த சூழல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். எங்கள் ஐவரில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்தார், ஒருவர் தையல் கடை நடத்தினார், ஒருவர் தோட்டம் தொரவு தெரிந்தவர். எல்லோரும் ஒரே கல்லூரியில் ஒரே பாடம் படித்தவர்களாக இருந்திருந்தால் என் போர் மோட்டார் பத்து நிமிடத்தில்தான் இன்றும் கழன்றுகொண்டிருக்கும்.

கணவன், மனைவி, நெருங்கிய உறவினர் வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகும் அந்த விமர்சனம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆட்களை எங்கே தேடுவது? பொது நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. புத்தகத் திருவிழாவில் ஒரே அலமாரி முன்னால் உங்களைப் போலவே அரை மணி நேரம் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். கல்லூரித் தமிழ்த்துறைகளில் எழுதுகிற மாணவர்கள் ஒருவரையொருவர் தெரியாமலே இருப்பார்கள். முதலில் ஒருவர் கிடைத்தால் போதும். இரண்டு பேராகத் தொடங்கி மற்றவர்களைப் பிறகு சேர்க்கலாம்.

இரண்டாம் படி: மரியாதையை எங்கே வைப்பது என்று பேசி முடிப்பது

நம்மிடையே விமர்சனக் குழுக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. ‘ஐயா’ என்று அழைத்துவிட்டு, ‘உங்க கதையின் நடுப்பகுதி தளர்கிறது’ என்று சொல்ல நாக்கு வராது. அண்ணன், அக்கா, சார், தோழர் என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அதை மாற்ற முயல வேண்டாம், செயற்கையாகிவிடும். அதற்குப் பதிலாகப் பேசும் வரிசையை மாற்றுங்கள். வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் ‘நல்லா வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மற்றவர்களும் அதையேதான் சொல்வார்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு எங்கள் கூடுகையில் பேச்சே வேறாகிவிட்டது.

முதல் நாளிலேயே இன்னும் மூன்றை ஒப்புக்கொள்ளுங்கள்.

‘இது உங்க வாழ்க்கையில நடந்ததா?’ என்ற கேள்வி கூடாது. பெண்கள் எழுதினால் இந்தக் கேள்வி உடனே வருகிறது. கணவனை வெறுக்கும் ஒரு பாத்திரத்தை எழுதியவரிடம் அப்படிக் கேட்டால், அடுத்த கதையில் அவர் ஒரு நல்ல கணவனை எழுதிக்கொண்டு வருவார். அன்றோடு அவருடைய எழுத்து போயிற்று. கதைக்குள் ‘நான்’ என்று பேசுகிறவர் கதைசொல்லி. எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு ஆள்.

யாருடைய பேச்சு வழக்கையும் ‘கொச்சை’ என்று திருத்தக் கூடாது. ஒரு வட்டாரச் சொல் புரியவில்லை என்றால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லலாம். அது வாசகராக உங்கள் அனுபவம். ‘இதை நல்ல தமிழில் எழுதுங்கள்’ என்று சொல்வது வேறு. பேச்சைக் கேட்டுச் சாதியையும் ஊரையும் ஊகிக்கிற பழக்கம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அந்த ஊகம் விமர்சனத்துக்குள் நுழைந்தால் எதிரே இருப்பவர் சுருங்கிப்போவார். ஏன் என்று அவரும் சொல்ல மாட்டார்.

கடைசியாக, கூடுகையில் பேசப்பட்ட கதையை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, பிரதியை யாருக்கும் அனுப்பக் கூடாது.

மூன்றாம் படி: பிரதியைக் கொடுப்பது

ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். கடைசி நாளில் அவசரமாகப் படித்தவர் கதைச் சுருக்கத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார். தாளில் அச்சிட்டு, வரிகளுக்கு நடுவே இடம்விட்டு, வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டால் எழுத வசதி. பக்க எண் கட்டாயம். 2,500 சொற்களுக்கு மேல் வேண்டாம். நாவல் என்றால் ஒரு அத்தியாயம்.

எந்த நிலையில் கொடுப்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. நம் மரபில் நூலை அவையில் அரங்கேற்றுவது உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசிரியருக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் முடிந்த நூலுக்கு உரியது. நீங்கள் தேடுவது அதற்கு முந்தைய நிலை: உங்களால் தனியாக இனி மேலே கொண்டுபோக முடியாத, ஆனால் இன்னும் இறுகிப்போகாத பிரதி. முதல் கைப்படியைக் கொடுத்தால் உங்களுக்கே தெரிந்த பிழைகளைச் சொல்லியே மற்றவர்களின் நேரம் போகும். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வந்து கொடுத்தால் பாராட்டை எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முன்னுரை எழுத வேண்டாம். ‘இதில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று தொடங்கினால், கதை அதைச் சொல்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். கேட்க விரும்பும் கேள்விகள் இருந்தால் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் தனித்தாளில் வையுங்கள்.

நான்காம் படி: இரண்டு முறை படிப்பது

முதல் முறை வாசகராகப் படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும், எழுத வேண்டாம், குறி மட்டும் போடுங்கள். பிடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. புரியாத இடத்தில் கேள்விக்குறி. மனம் விலகிய இடத்தில் ஒரு சுழி. இந்தச் சுழிதான் மூன்றிலும் விலை உயர்ந்தது. எந்த வரியில் கை போனைத் தேடியது, எந்தப் பத்தியில் ‘இன்னும் எத்தனை பக்கம்’ என்று பார்த்தீர்கள் என்பதெல்லாம் எழுதியவருக்கு வேறு எங்கும் கிடைக்காத தகவல்.

ஒரு நாள் விட்டு இரண்டாம் முறை படியுங்கள். இப்போது ஒவ்வொரு குறிக்கும் காரணம் தேட வேண்டும். ஏன் இங்கே சுழி போட்டேன்? பெரும்பாலும் காரணம் சுழி போட்ட இடத்தில் இருக்காது. ஒரு பக்கம் முன்னால் இருக்கும். உரையாடலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். என் கதையில் பெரியவர் தன் பேரனிடம், ‘என்னப்பா செய்துகொண்டிருக்கிறாய்’ என்று கேட்டார். ‘என்ன கண்ணு பண்றே’ என்று தோழி படித்துக் காட்டியதும் பெரியவருக்கு முகம் வந்துவிட்டது.

ஐந்தாம் படி: குற்றத்துக்குப் பெயர் கொடுப்பது

‘ஏதோ இடிக்குது’ என்பது உண்மையான உணர்வுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராலும் கதையைத் திருத்த முடியாது. பெயர் வேண்டும். இதற்காகப் பிற மொழிகளின் எழுத்துப் பட்டறைச் சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்தியிருக்கிறது. அது கதைக்காகச் சொன்னது இல்லை. ஆனாலும் எங்கள் கூடுகையில் நாங்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் அவைதான்.

குன்றக் கூறல்: தேவையானதைவிடக் குறைவாகச் சொல்வது. எழுதியவர் மனதில் முழுக் காட்சியும் இருக்கும், தாளில் பாதிதான் வந்திருக்கும். தானே கண்டுபிடிக்க முடியாத குற்றம் இது. வேறொருவர் படித்தால்தான் தெரியும். மிகைபடக் கூறல் இதன் மறுபக்கம். ‘கண்ணீர் பெருக்கெடுத்தது, தொண்டை அடைத்தது, உலகமே இருண்டது’ என்று நான் எழுதியிருந்தேன். மூன்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கூறியது கூறலைச் சொல்லளவில் பார்த்தால் போதாது. அம்மா கண்டிப்பானவர் என்பதை முதல் காட்சி காட்டிவிட்டது. இரண்டாம் காட்சியும் மூன்றாம் காட்சியும் அதையே வேறு சம்பவத்தால் காட்டினால் அதுவும் கூறியது கூறல்தான். மாறுகொளக் கூறல் எளிது: இரண்டாம் பக்கத்தில் எட்டாவது படிக்கும் மகள் ஐந்தாம் பக்கத்தில் கல்லூரிக்குப் போவாள். அதைவிடக் கவனிக்க வேண்டியது குணத்தில் வரும் முரண். யாரிடமும் கைநீட்டாத பெரியவர் காரணமே இல்லாமல் ஒரு காட்சியில் கடன் கேட்கிறார் என்றால், அது பாத்திரத்தின் மாற்றமா, எழுதியவரின் மறதியா என்று கேளுங்கள்.

வழூஉச்சொல் புணர்த்தல், பிழையான சொல். இதற்குக் கூடுகை நேரத்தைச் செலவிட வேண்டாம். பென்சிலால் திருத்திக் கொடுத்துவிடுங்கள். ஒற்றுப்பிழை பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிற குழுக்களில் கதையைப் பற்றிய பேச்சு வருவதே இல்லை.

மயங்க வைத்தல்: ‘அவன் அவனைப் பார்த்தான், அவன் சிரித்தான்’ என்று வந்தால் யார் சிரித்தது? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுத முடியும் என்பதால் இந்தக் குற்றம் நமக்குக் கூடுதலாகவே வரும். இலக்கண நூலில் மயக்கம் எப்போதும் குற்றம். கதையில் சில நேரம் அது வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும். மயங்கினேன் என்பதை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்பை எழுதியவரிடம் விடுங்கள்.

வெற்றெனத் தொடுத்தல்: பொருளில்லாமல் சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. ‘காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை’ என்று தொடங்கும் பத்தியைப் பார்த்தால் இந்தப் பெயரை எழுதிவிடலாம். மற்றொன்று விரித்தல்: எடுத்துக்கொண்டதை விட்டு வேறொன்றைப் பெருக்குவது. வங்கியில் வேலை பார்த்த நண்பர் தன் கதையில் நகைக்கடன் வழங்கும் முறையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அந்த ஒன்றரைப் பக்கமும் உயிரோட்டமாக இருந்தது. கதை மட்டும் அங்கே இல்லை. ‘இதை வெட்டிவிடுங்கள்’ என்று சொல்லாமல் ‘இது இன்னொரு கதை’ என்று சொன்னோம். அடுத்த மாதம் அதைத் தனிக்கதையாக எழுதிக்கொண்டு வந்தார்.

சென்று தேய்ந்து இறுதல். இந்தப் பெயரை நான் மிகவும் விரும்புகிறேன். தொடக்கத்தில் பெருகி, போகப்போக மெலிந்து, கடைசியில் இல்லாமலே போவது. தொடக்க எழுத்தாளர்களின் கதைகளில் பாதிக்கு மேல் இந்த நோய்தான். காரணம், முதல் பக்கத்தை நாற்பது முறை திருத்துகிறோம், கடைசிப் பக்கத்தை ஒரே இரவில் எழுதி முடிக்கிறோம்.

பத்தாவது, நின்று பயனின்மை. சொல் இருக்கிறது, காட்சி இருக்கிறது, அதனால் ஆவது ஒன்றும் இல்லை. ஒரு காட்சியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் ஓரத்தில் இந்தப் பெயரை எழுதுங்கள்.

ஒரு கதைக்குப் பத்தையும் தேடிப் பட்டியல் போட்டுவிடாதீர்கள். மிகப் பெரிய இரண்டு குற்றங்கள் போதும். அதற்கு மேல் யாராலும் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. கூடவே, நன்றாக வந்திருக்கும் ஒரு இடத்தையும் அதே துல்லியத்தோடு காட்டுங்கள். ‘மூன்றாம் பக்கம், பெரியவர் வேட்டி நுனியால் மோட்டாரைத் துடைக்கும் வரி, அங்கே எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது’ என்று சொன்னால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் எழுதியவருக்குத் தெரியும். பாராட்டு இல்லாத விமர்சனத்தைக் கேட்டவர்கள், நல்ல வரிகளையும் சேர்த்து அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: கூடுகை நாள்

ஒரு கதைக்கு 40 நிமிடம். முதலில் கதையின் ஒரு பத்தியை, எழுதியவரைத் தவிர வேறு யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும். எழுதியவர் படித்தால் தாளில் இல்லாத உணர்ச்சியைக் குரலால் நிரப்பிவிடுவார். அடுத்தவர் தடுக்கி விழும் இடத்தில் வாக்கியம் தடுக்குகிறது என்று பொருள்.

பிறகு இளையவரில் தொடங்கி ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுதியவர் குறிப்பு எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும்.

இந்த மௌன விதி அமெரிக்காவிலிருந்து பரவியது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையின் வழியாக இது பல கல்லூரிகளுக்குப் போயிற்று. பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு ஊரில் 1956-இல் டேமன் நைட்டும் நண்பர்களும் தொடங்கிய அறிவியல் புனைகதைக் கூட்டத்தில், ஆசிரியர் என்று யாரும் இல்லாமல் எழுத்தாளர்களே வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பேசினார்கள். 1968-இல் அதே மாநிலத்தில் தொடங்கிய கிளாரியன் பட்டறை அந்த முறையைப் புதிதாக எழுதுகிறவர்களிடம் கொண்டுபோனது.

மௌனம் ஏன் உதவுகிறது? கதை அச்சில் வந்த பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது. கூடுகையிலேயே அந்த நிலையைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் மௌனம் கடைசிவரை நீடித்தால் அது தண்டனையாகிவிடும். கதையின் உலகம் தெரியாத நான்கு பேர் தவறான ஊகத்தின்மேல் அரை மணி நேரம் பேசுவதை எழுதியவர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதில் யாருக்கும் பயனில்லை. நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் அமைத்த முறை இதற்கு ஒரு மாற்று. அதில் முதலில் பார்வையாளர்கள் தங்கள் மனதில் எது நின்றது என்று சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு பார்வையாளர்கள், உள்ளே கருத்து ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான், படைத்தவர் சம்மதித்தால், கருத்து. நாங்கள் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டோம்: முதல் சுற்று மௌனம், இரண்டாம் சுற்றில் எழுதியவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்தக் கடைசிப் பக்கத் தனித்தாளை எடுப்பது அப்போதுதான்.

எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். வாக்கியத்தை ‘நீங்க’ என்று தொடங்காமல் ‘நான்’ என்றோ ‘கதை’ என்றோ தொடங்குங்கள். ‘நீங்க அவசரமா முடிச்சிட்டீங்க’ என்றால் சண்டை. ‘நான் நாலாம் பக்கத்துல இன்னும் ரெண்டு பக்கம் இருக்கும்னு நெனச்சேன், திடீர்னு முடிஞ்சிருச்சு’ என்றால் தகவல்.

இந்தப் பாடத்தை நான் படித்தது ஒருவரைக் காயப்படுத்திய பிறகுதான். எங்கள் குழுவின் தொடக்க நாட்களில், தையல் கடை நடத்திய தோழியின் முதல் கதையைப் பற்றி, ‘இதுல உயிரே இல்ல’ என்று சொன்னேன். நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு கூடுகைக்கும் வரவில்லை. பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உயிர் இருந்தது, அளவெடுக்க வரும் பெண்கள் பேசும் இரண்டாம் பக்கத்தில் துடிப்பாகவே இருந்தது. கதைசொல்லி மட்டும் எங்கோ தூரத்தில் நின்று பேசினார். அதைச் சொல்ல எனக்கு உழைப்புப் போதாமல், ஒரே அடியில் முழுக்கதையையும் தள்ளிவிட்டேன். கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டு, குறிப்பிட்ட அந்த இரண்டு பத்திகளையும் காட்டினேன். அவர் திரும்பி வந்தார். பலர் திரும்பி வருவதில்லை. ‘உயிர் இல்லை’, ‘ஆழம் இல்லை’, ‘ஈர்ப்பு இல்லை’ போன்றவற்றை அன்று முதல் நான் சொல்வதே இல்லை. அவை நேர்மையான சொற்களும் இல்லை, படித்தவரின் சோம்பலை மறைக்கும் சொற்கள்.

ஏழாம் படி: கேட்டதை வடிகட்டுவது

வீட்டுக்குப் போனதும் கதையைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும்.

மாணவர் வகைக்கு நன்னூல் எட்டு உவமைகள் தருகிறது. பாலை நீரிலிருந்து பிரிக்கும் அன்னமும், கிடைத்த இடத்தில் நிறைய மேய்ந்துவிட்டுப் பிறகு அசைபோடும் பசுவும் தலை மாணாக்கர். ஓட்டைக் குடம், நுனிப்புல் மேயும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யரி ஆகியவை கடை. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். விமர்சனம் கேட்ட இரவில் நாம் எல்லோருமே நெய்யரிதான். நான்கு பேர் சொன்ன நல்லதும் பயனுள்ளதும் ஒழுகிப்போய், ஒருவர் முகம் சுளித்தது மட்டும் நிற்கும். அதனால்தான் இரண்டு நாள் இடைவெளி.

பிறகு குறிப்புகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். உடனே ‘ஆமாம்’ என்று தோன்றுகிறவை. இரண்டாவது, ஒருவர் மட்டும் சொன்னவையும் கதையின் நோக்கத்துக்கே வெளியே இருப்பவையும். மூன்றாவது, கோபம் வரவழைத்தவை. இந்த மூன்றாவது குவியலைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் பாதி முதல் குவியலுக்குப் போய்விடும்.

பல பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. என் கதையின் முடிவு பலவீனமாக இருப்பதாக மூன்று பேர் சொன்னார்கள். மகன் திரும்பி வரட்டும் என்றார் ஒருவர். பெரியவர் இறந்துவிடட்டும் என்றார் இன்னொருவர். மழை பெய்யட்டும் என்றார் மூன்றாமவர். மூன்றும் என் கதைக்கு ஆகாது. ஆனால் மூவரும் ஒரே குறையைத்தான் உணர்ந்திருந்தார்கள். பல நாள் யோசித்த பிறகு புரிந்தது: கோளாறு முடிவில் இல்லை, இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மோட்டார் போவதால் பெரியவருக்கு என்ன போகிறது என்று வாசகர் பார்த்ததே இல்லை. அது ஓடும் ஒரு காட்சிகூடக் கதையில் இல்லை. குன்றக் கூறல்.

அந்தக் காட்சியைத் தந்தது, நான் முதலில் வெறும் தகவல் பிழை என்று நினைத்த குறிப்புதான். கரண்ட் வரும் நேரத்துக்கு எழுந்து போக வேண்டும் என்று கோபித் தோழி சொன்னாரே, அது. போர் மோட்டாரைக் கிணற்று மோட்டார் ஆக்கினேன். பின்னிரவில் பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போவதை எழுதினேன். தண்ணீர் வாய்க்காலில் விழும் சத்தத்தை வைத்தே எந்தப் பாத்தி நிறைந்தது என்று அவருக்குத் தெரிகிறது. கதை முதல்முறையாக நின்றது.

எட்டாம் படி: திருத்தி ஒருமுறை திரும்பக் கொண்டுவருவது

பழைய பிரதியைத் தனியாக வைத்துவிட்டுத் திருத்துங்கள். பெரிய மாற்றங்கள் முதலில்: காட்சி, வரிசை, யார் கண் வழியாகப் போகிறது என்பது. வாக்கியங்கள் கடைசியில். திருத்திய கதையை அதே குழுவிடம் ஒரே ஒருமுறை கொண்டுவரலாம். மூன்றாம் முறை வேண்டாம். அதற்குள் எல்லோருக்கும் கதை மனப்பாடம் ஆகிவிடும், தாளில் இல்லாததையும் அவர்கள் கண் படிக்கத் தொடங்கும். ஐவரின் கதைகளும் ஒரே குரலில் ஒலிக்கத் தொடங்கினால் மூன்று மாதம் கூடுகையை நிறுத்திவிட்டுத் தனித்தனியாக எழுதுங்கள்.

என் கதையின் இரண்டாம் பிரதி இப்படி முடிந்தது. மோட்டார் போன அன்று இரவும் பெரியவர் அதே நேரத்துக்கு எழுந்து போகிறார். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். டக்கென்று பிடிக்கிறது. கிணற்றுப் பக்கம் சத்தமில்லை. சிவப்பை அழுத்திவிட்டு வெளியே வந்து, மோட்டார் ரூம் கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.

அதற்குக் கீழே, ‘பூட்டிய அறைக்குள் இனி எதுவும் இல்லை’ என்று இன்னொரு வரியும் இருந்தது. கூடுகையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிரதிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். தையல் கடைத் தோழியின் பிரதியில், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறிய சுழி.

வரியை அடித்துவிட்டேன்.